உப்புக் காற்றில் ஒரு சக்கரம்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை ஒட்டிய கடலடியில் புவித்தட்டு நழுவியபோது தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. பல ஊர்களில் சுனாமி அலை வந்து அழித்துவிட்டுத் திரும்பியது. இத்தீவின் சிப்பிகாட் என்ற ஊரிலோ வந்த கடல்நீர் தங்கிவிட்டது. நிலமே இறங்கிவிட்டதால், பயிர் விளைந்த தாழ்நிலங்களில் அன்றுமுதல் ஓதம் ஏறி இறங்குகிறது. பட்டுப்போன தென்னைகள் தலையில்லாமல் நீருக்குள் நின்றன. கொக்கும் உள்ளானும் வந்து சேர்ந்தன. தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து, இன்றைய பெயரில் ஸ்ரீ விஜய புரத்திலிருந்து, தீவின் உட்பகுதிக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இந்த உவர்நீர்ப் பரப்பை ஒட்டித்தான் போகிறார்கள்.

சைக்கிள் சக்கரம் கட்டுவது பற்றி உலகில் எழுதப்பட்டவை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை எடை. எந்தக் கம்பி போட்டால் எத்தனை கிராம் குறையும், கம்பியை ரிம்மோடு முறுக்கிப் பூட்டும் நிப்பிளில் எது போட்டால் இன்னும் எத்தனை கிராம் குறையும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவார்கள். சிப்பிகாட்டில் கணக்கு வேறு. இங்கே ஒரு சக்கரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்பு. அதனால்தான் மலைச் சைக்கிளின் டியூப்லெஸ் சக்கரத்தை விளக்க இந்த ஊரை எடுத்துக்கொண்டேன். எது முக்கியம், எது அலங்காரம் என்பதை இந்த ஊர்க் காற்று சீக்கிரமே காட்டிவிடும்.

சாதாரணச் சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மழை இல்லாத நாளிலும் காற்று ஈரமாகத்தான் இருக்கும். ஆகவே இங்கே ஓர் உலோகப் பரப்பில் படிந்த கடலுப்பு முழுதாகக் காய்வதே இல்லை. பார்ப்பதற்குக் காய்ந்த வண்டி, மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்திக்கொண்டுதான் சுவரில் சாய்ந்திருக்கிறது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது இதே காரணத்தால்தான். பாலத்துக்குப் பொறியாளர் படை இருக்கிறது. சைக்கிளுக்கு அதைக் கட்டுகிறவர் மட்டும்தான்.

இந்தத் தீவுகளுக்கும் சைக்கிளுக்கும் உறவு ஆழமானது. கார் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, சுனாமியின்போது மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிர் பிழைத்த சிறுமி. பின்னாளில் ஓடுதள சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவின் முன்னணி வீராங்கனை. இதே தீவுகளின் எசோவ் ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கீரின் பிரிவில் வெள்ளி வென்றவர். அவர்கள் ஓட்டியது வழவழப்பான தளத்தில். தீவின் நிலமோ வேரும் சேறும் ஏற்ற இறக்கமும். மலைச் சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம்.

இனி சக்கரத்துக்கு வருவோம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தூண்போல நின்று சுமையைத் தாங்குகிறது. குடத்துக்கும் தரைக்கும் நடுவில் எந்த ஆரக்கால் இருக்கிறதோ அது நசுங்கும் விசையை வாங்கிக்கொள்கிறது. சைக்கிளின் போக்ஸ் கம்பியால் அது முடியாது. 2 மில்லிமீட்டர் தடிமனும் 290 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியை நிறுத்திவைத்து மேலிருந்து அழுத்தினால், இரண்டு கிலோ எடைக்குள்ளேயே வளைந்துவிடும். அதே கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் 300 கிலோவையும் தாங்கும். ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் 1808-லேயே இதைக் கவனித்து, இழுவிசையால் நிற்கும் சக்கரத்தை வரைந்து வைத்தார். பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்பது அவர் தேவை. 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை மையத்திலிருந்து நேராக விரிக்காமல் சாய்த்துக் குறுக்காகப் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு நம் தெருமுனைக் கடையில் போக்ஸ் கட்டுகிறவர் பின்னுவது அந்தப் பின்னல்தான்.

நல்ல மலைச் சைக்கிள் சக்கரத்தில் 32 கம்பிகள். ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோ இழுவையில் முறுக்கப்பட்டிருக்கும். அதாவது சுவரில் சாத்திவைத்திருக்கும் வெறும் சக்கரத்துக்குள் மொத்தம் 3,200 கிலோ இழுவை அடைந்து கிடக்கிறது. அதன் விளைவாக ரிம் தன் வட்டத்தின் போக்கில் சுமார் 500 கிலோ விசையால் நெருக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் ஏறி உட்காரும்போது மேல் கம்பிகள் உங்களைத் தொங்கவிடுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. தரையை ஒட்டிய மூன்று நான்கு கம்பிகளின் இழுவை குறைகிறது. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் வெளியிட்ட சைக்கிள் சக்கர நூலில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். சுமை என்பது இங்கே கீழ்க்கம்பியில் கழிக்கப்படும் தொகை. கழிக்கக் கழிக்க இருப்பு பூஜ்யத்துக்குப் போய்விடக் கூடாது. போனால் கம்பி தொய்யும். தொய்ந்த நேரத்தில் நிப்பிள் தானாகச் சுழன்று கழலும். ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இறுகும் கம்பி, ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில் களைத்து முறியும்.

கம்பித் தேர்வில் பலரும் தடுமாறும் இடம் இது. கனமான உடம்பு, கரடான பாதை, எனவே தடித்த கம்பி என்று மனம் சொல்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. முழுநீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை 100 கிலோவில் இழுத்தால் அது நீள்வது 0.46 மில்லிமீட்டர். 1.8 மில்லிமீட்டர் கம்பி 0.57 நீளும். 1.5 மில்லிமீட்டர் கம்பி 0.8-க்கு மேல் நீளும். இப்போது நிப்பிளைப் பாருங்கள். அதன் புரி ஓர் அங்குலத்துக்கு 56. ஒரு முழுச் சுற்றுக்கு 0.45 மில்லிமீட்டர். தடித்த கம்பியின் மொத்த இழுவையும் ஏறத்தாழ ஒரே ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது! ரிம் ஒரு பாறையில் மோதி அரை மில்லிமீட்டர் உள்ளே போனால் அந்தக் கம்பி முற்றிலும் தொய்ந்துவிடும். மெல்லிய கம்பிக்கு இன்னும் நீட்சி பாக்கி இருக்கும். அது தொய்யாமல் ரிம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

முழுதும் மெலிந்தால் முழங்கையும் புரியும் பலவீனமாகிவிடும். அதற்காகத்தான் இரு முனையும் 2 மில்லிமீட்டராகவும் நடுப்பகுதி 1.8 அல்லது 1.5 ஆகவும் இழுத்துச் செய்த கம்பி வந்தது. கடையில் டபுள் பட்டெட் என்று கேட்டால் கிடைக்கும். முறியும் இடத்தில் உலோகம் கூடுதல், நீள வேண்டிய இடத்தில் குறைவு. மலைச் சைக்கிளுக்கு நடுப்பகுதி 1.8 உள்ளதைத்தான் நான் சொல்வேன். 1.5 கம்பி நிப்பிளைத் திருப்பும்போது தானும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி, அந்த முறுக்கு விடும் அளவுக்குப் பின்னால் வரவேண்டும். பழகிய கைக்கு அது சரி, புதிய கைக்கு வேண்டாம்.

கம்பியின் உலோகத்தைப் பொறுத்தவரை சிப்பிகாட்டில் பேச்சுக்கே இடமில்லை, எவர்சில்வர்தான். மலிவான சைக்கிள்களில் வரும் துத்தநாகம் பூசிய கம்பியில், துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். அது தீர்ந்ததும் இரும்பின் முறை. எவர்சில்வரிலுள்ள குரோமியம் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்த்துக்கொள்கிறது; கீறினாலும் மீண்டும் வளரும். ஆனால் காற்றும் நல்ல நீரும் எட்டாத சந்துகளில் குளோரைடு தேங்கினால் அந்தப் படலமும் தோற்கும். சக்கரத்தில் அப்படிப்பட்ட சந்து இரண்டு. ஹப்பின் துளைக்குள் கம்பி வளையும் இடம் ஒன்று. மற்றது நிப்பிளுக்குள் இருக்கும் புரி.

நிப்பிள் சக்கரத்தின் மிகச் சிறிய உறுப்புகளில் ஒன்று. 12 மில்லிமீட்டர் நீளம். பித்தளையில் செய்தால் ஏறத்தாழ ஒரு கிராம். அலுமினியத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சக்கரத்துக்கும் 64 நிப்பிள். அலுமினியம் போட்டால் வண்டியில் நாற்பது கிராமுக்குச் சற்று மேல் குறையும். சிவப்பு, நீலம் என்று நிறமும் கிடைக்கும். இதற்காக மயங்குகிறவர்கள் பலர்.

கடல்நீரில் உலோகங்களுக்கு ஒரு வரிசை உண்டு. மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவை கரையத் தயாரானவை, இரும்பு நடுவில், பித்தளை அதற்கு மேலே, எவர்சில்வர் இன்னும் மேலே, உச்சியில் கார்பன். இந்த வரிசையில் தூரமான இரண்டைத் தொடவைத்து, நடுவில் உப்புநீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். கீழே உள்ளது கரைந்து மேலே உள்ளதைக் காப்பாற்றும். அலுமினிய நிப்பிளுக்குள்ளே எவர்சில்வர் கம்பி. ரிம் கார்பன் என்றால் வெளியேயும் மேல்வரிசைக்காரர். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு கிராம்கூட இல்லாத உலோகம்தான் இரண்டு பெரிய பரப்புகளுக்கும் ஈடுகொடுத்துக் கரைய வேண்டும். கரையும் பரப்பு எத்தனை சிறியதோ அரிப்பு அத்தனை வேகமாகும். வெளியே தெரிவது முதலில் நிப்பிளைச் சுற்றிப் பூக்கும் வெள்ளைப் பொடி. பிறகு ஒருநாள் பெண்டு எடுக்க நிப்பிள் சாவியைப் போட்டுத் திருப்பினால் சதுரம் மழுங்கிச் சாவி வழுக்கும். அழுத்தித் திருப்பினால் தலை கழன்று ரிம்முக்குள் விழும்.

பித்தளை நிப்பிளும் அலுமினிய ரிம்மும் சேர்ந்தால் நிலைமை தலைகீழ். இங்கே கரையத் தயாரானது ரிம், ஆனால் அது பெரிய பரப்பு. பித்தளைத் துளியோ சிறியது. சேதம் பரவி மெலிந்துபோகிறது. துளையைச் சுற்றிச் சிறிது பொடி பூத்தாலும் சக்கரம் ஆண்டுகள் தாங்கும். பித்தளைக்கு இன்னொரு பெருமையும் உண்டு: எஃகுப் புரியின்மேல் அது இறுகிப் பிடிக்காமல் வழுக்கிச் சுழலும். 100 கிலோ இழுவையில் இருக்கும் கம்பியைக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டியவருக்கு இந்தக் குணம் பெரிய வரம்.

டியூப்லெஸ் என்ற விஷயம் இந்த இடத்தில் நுழைந்து கணக்கைச் சிக்கலாக்குகிறது. மாவிக் நிறுவனம் 1999-ல் மலைச் சைக்கிளுக்கான டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தது. டியூப் இல்லாததால் ரிம்முக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கி ஓட்டையாக எதுவும் இல்லை. டியூப் போட்டு 30, 35 பி.எஸ்.ஐ. அடைத்த இடத்தில் 20, 25 போதும். காற்று குறைந்த டயர் ஈர வேரின்மேல் படிந்து பிடிக்கும். முள் குத்தினால் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால். ரப்பர் பால் என்றதும் அந்தமான் நிக்கோபாரின் கச்சால் தீவைச் சொல்லியாக வேண்டும். 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தேயிலை மலையில் பிறந்தவர்கள் இங்கே பால்வெட்டக் கற்றார்கள். 2004 சுனாமியில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. டயருக்குள் ஊற்றும் வெள்ளைத் திரவத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு பால்வெட்டும் கை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ரப்பர் மரம் தன் பாலைச் சுரப்பது காயத்தை மூடத்தான். பட்டையைக் கீறினால் பால் வழிந்து, உறைந்து, தானே நின்றுவிடும். பாலில் மிதக்கும் ரப்பர் துளிகள் ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள புரத உறை எதிர்மின்சுமை கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்து நிற்கின்றன. சிரட்டையில் சேர்ந்த பாலில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் சுரந்தால் அந்தத் தள்ளல் போய்த் துளிகள் ஒட்டிக் கட்டியாகும். ஷீட் அடிக்கிற இடத்தில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது இதை வேகப்படுத்தத்தான். உறையாமல் வைத்திருக்க எதிர்வேலை: அம்மோனியா கலந்து பாலைக் காரமாக வைத்திருப்பார்கள். டயரில் ஓட்டை விழுந்தால் பால் காற்றோடு சீறி வெளியேறுகிறது. நெருக்கலில் துளிகள் ஒட்டுகின்றன. கலந்திருக்கும் நார்த் துகள்கள் வாயில் சிக்குகின்றன. ஈரம் போய் ரப்பர் அடைப்பு உருவாகிறது. கரியமில வாயுக் குப்பியால் இத்தகைய டயருக்குக் காற்றடிக்க வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதே வேதியியல்: அந்த வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, பாலை முன்கூட்டியே உறையவைக்கும்.

சிக்கல் அம்மோனியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில், மழைக்காலத்தில் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே வெடித்துக் கீறின. மழைக்காலத்தோடு வந்ததால் பருவக் கீறல் என்று பெயர் வைத்தார்கள். குதிரை லாயத்திலிருந்து எழும் அம்மோனியாவும், ஈரமும், உலோகத்துக்குள் அடைந்திருந்த இழுவிசையும் சேர்ந்ததே காரணம் என்பது 1921 வாக்கில் தெளிவாயிற்று. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கீறல் வராது. டியூப்லெஸ் சக்கரத்தில் மூன்றும் அருகருகே இருக்கின்றன. அலுமினியத்தையும் அம்மோனியா விட்டுவைப்பதில்லை. காரத்தில் அதன் காப்புப் படலம் கரையும்.

அப்படியானால் பித்தளைக்கு நான் ஓட்டுப் போடுவது சரியா? சரிதான். சீலன்ட் நிப்பிளைத் தொட வேண்டுமானால் நடுவிலுள்ள ரிம் டேப் தோற்க வேண்டும். உப்பு தொட எதுவும் தோற்கத் தேவையில்லை. நிப்பிள் துளை வழியாக மழையோடும் ஓடைநீரோடும் அது நேரே உள்ளே போகிறது. அம்மோனியா ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அம்மோனியா இல்லாத சீலன்ட்களும் கிடைக்கின்றன. லேபிளைப் படித்து அதை வாங்குங்கள்.

ஆகவே டேப் ஒட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ரிம்மின் உட்படுகை சுவரிலிருந்து சுவர்வரை மூட வேண்டும். ஒட்டுவதற்குமுன் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும். வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் மேலடுக்கு வரட்டும். தீவின் ஈரக்காற்றில் எண்ணெய்க் கையோடு ஒட்டிய டேப் ஓரத்தில் உயரும். அங்கே தொடங்கும் கசிவு ஒவ்வொரு நிப்பிள் துளையிலும் வெள்ளைச் சொட்டாகத் தெரியும்.

கட்டும்போது கவனிக்க இன்னும் இரண்டு. கம்பியின் நுனி நிப்பிளின் தலையிலுள்ள வெட்டு வரைக்கும் எட்ட வேண்டும். குட்டையான கம்பி போட்டால் தலைப்பகுதிக்குள் எஃகு இருக்காது. முழு இழுவையும் வெறும் நிப்பிள் சுவரில் விழும். அலுமினிய நிப்பிள் தலையோடு அறுந்துபோவதற்குப் பெரிய காரணம் இதுதான். அடுத்து, ஒவ்வொரு புரியிலும் ஆளிவிதை எண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். கட்டும்போது வழுக்கும், பிறகு அந்தச் சந்தில் உப்புநீர் குடியேற இடம் இருக்காது.

டயர் ஏற்றியபின் இழுவையை மறுபடி பாருங்கள். டியூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மில் மிக இறுக்கமாக உட்காருவதால், ரிம் இன்னும் கொஞ்சம் நெருக்கப்பட்டு எல்லாக் கம்பியிலும் இழுவை இறங்கும். வெறும் ரிம்மில் அளந்து திருப்தியடைந்தவர் இதில் ஏமாறுவார். பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் இழுவை அதிகம். எதிர்ப்பக்கம்தான் முதலில் தொய்யும். அந்தப் பக்கத்தைப் பார்த்து இழுவையை முடிவு செய்யுங்கள்.

சிப்பிகாட்டிலோ, தூத்துக்குடியிலோ, நாகப்பட்டினத்திலோ, கடற்காற்று வீசும் எந்த ஊரிலோ மலைச் சைக்கிள் சக்கரம் கட்டப் போகிறவருக்கு என் பரிந்துரை: அலுமினிய ரிம், 32 எவர்சில்வர் கம்பி, நடு 1.8 டபுள் பட்டெட், நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள், அம்மோனியா இல்லாத சீலன்ட். நம் வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். திறந்து பார்த்து ஊற்றுங்கள். உவர்நீரில் ஓட்டிய அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, ரிம்மின் வடிகால் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பித்தளையால் வண்டியில் கூடும் எடை, ஒரு டயருக்குள் ஊற்றும் சுமார் 100 மில்லி சீலன்ட்டின் எடையில் பாதிகூட வராது.